இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஒரு தூக்கம்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுத வேண்டிய இடம் இது. மூன்று தையல் போட்ட கட்டைவிரலை வைத்துக்கொண்டு நீ எப்படி நன்றாக இருப்பாய், அதனால் முதலில் அந்த விரல் எப்படி இருக்கிறது என்று சொல், உன் மற்ற பாகங்களின் நலத்தைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன். தையல் பிரித்தார்களா, பிரித்த இடம் விறைப்பாக இருக்கிறதா, மடக்க முடிகிறதா. இடது கைதான் என்று நீ ஏதோ அதிர்ஷ்டம் அடித்த மாதிரி சொன்னாய். கட்டிடக் கலை படிக்கிற பிள்ளைக்கு இரண்டு கையும் வேண்டும் என்பது பஸ் ஓட்டுகிற எனக்கே தெரிகிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நீ ஒரு பக்கம் அட்டையை வெட்டிக்கொண்டே ம் ம் என்பாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன், நாலு மாதமாக அதுதான் நடக்கிறது. தவிர, நான் சொல்லப்போவது கொஞ்சம் வெட்கம் கெட்ட விஷயம். நேருக்கு நேராக வாய் வராது, காகிதத்தில் என்றால் நீ முறைத்தாலும் எனக்குத் தெரியாது. அப்பா முடி வெட்டப் போயிருக்கிறார், அங்கே நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிவிடுவார், கடைக்காரர் காத்திருக்கிற மற்றவர்களை முடித்துவிட்டுத்தான் இவரை எழுப்புவார், அதனால் எனக்கு எப்படியும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். வீட்டில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. உன் அறையில் இஸ்திரி மேசையைப் போட்டிருக்கிறோம், கோபப்படாதே, நீ வருகிற அன்று எடுத்துவிடுவோம். அப்பா வேலை செய்யும் பெயின்ட் கடையில் யாரோ ஒரு அம்மா தன் வீட்டுப் பூனையைத் தூக்கி வந்து இந்த நிறத்தில் சுவருக்குப் பெயின்ட் கலந்து கொடுங்கள் என்றாராம், இவர் இரண்டு நாள் மெனக்கெட்டுக் கலந்து கொடுத்திருக்கிறார். இப்போது அந்தப் பூனை வீட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று அந்த அம்மா திரும்பி வந்தாராம். இதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அறைத்தோழி அன்றைக்குப் போன் செய்தாள் இல்லையா, அவளைத் திட்டாதே, அவள் சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நீ மூன்று நாளாகப் படுக்கையில் படுக்கவே இல்லை, மாடலுக்குப் பலகை வெட்டும்போது கண் சொருகிப் பிளேடு விரலில் இறங்கிவிட்டது, ரத்தத்தைப் பார்த்த பிறகும் நீ ஒரு நிமிடம் அது என்ன என்று புரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாய் என்றாள். அந்த ஒரு நிமிடம்தான் என்னை உலுக்கியது, தையல்கூட இல்லை. அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, மதியம் ஒரு அரை மணி நேரமாவது படுத்து எழுந்தால் என்ன என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதில் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது. நீ எப்பவாவது பகல்ல படுத்திருக்கியாம்மா, காலையில நாலரைக்கு எந்திரிச்சு ரெண்டு டிரிப் ஓட்டி வீட்டையும் பாத்துக்கலையா, நான் உன் பொண்ணுதானே, எனக்கு மட்டும் எதுக்கு இந்தச் சொகுசு என்றாய். இங்கே எல்லார்கிட்டயும் உன்னைப் பத்திதான் சொல்வேன், எங்கம்மா உட்கார்ந்தே நான் பார்த்ததில்லைன்னு என்றும் சொன்னாய். நீ பெருமையாகத்தான் சொன்னாய். நான் வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

வாலு, அம்மா தினமும் மதியம் தூங்குகிறவள். பதினோரு வருடமாக. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பள்ளிக்கூடம் நடக்கிற எல்லா நாளும். காலை டிரிப் முடிந்து வண்டியைக் கழுவி, டீசல் பார்த்து, சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டரை மணிக்கு வண்டியின் பின்பக்கம் போய் அந்தக் கடைசி நீள சீட்டில் காலை மடக்கிப் படுப்பேன், ஒரு மணிக்கு எழுவேன். நீ அதே வளாகத்தில் மேலே வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய், கீழே வேப்பமர நிழலில் நிற்கிற வண்டிக்குள் உன் அம்மா வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். வண்டியில் வருகிற எண்ணிக்கை அக்கா இருக்கிறாளே, ஏறும்போது ஒரு தடவை இறங்கும்போது ஒரு தடவை தலை எண்ணி எண்ணி அந்தப் பெயரே நிலைத்துப்போன அக்கா, அவள் படிக்கட்டில் உட்கார்ந்து காவல் இருப்பாள். ஒரு மணிக்கு ஒரு மணியடிப்பாள், இறங்கும் இடம் வந்தால் பிள்ளைகள் அழுத்துவார்களே அந்த மணி. நான் எழுந்ததும் அவள் போய் அதே சீட்டில் படுப்பாள், நான் படிக்கட்டில் உட்காருவேன். சீட்டு ஆறுவதற்குள் ஆள் மாறும். இது எங்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளி பஸ் ஷெட்டில் டிரைவர்கள் ஆறு பேர், ஆறும் ஆண்கள். நான் வண்டியைப் பின்னால் எடுத்தால் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். அந்த லட்சணத்தில் நான் தூங்குவதை ஒருத்தர் பார்த்திருந்தால் அவ்வளவுதான், பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங், வீட்டுல படுத்துக்கலாமேன்னு ஆரம்பித்திருப்பார்கள். அதனால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். வீட்டில் ஏன் மறைத்தேன் என்றால், அதற்கு அவ்வளவு நல்ல காரணம் இல்லை. நீ ஐந்தாம் வகுப்பில் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதினாய், அதில் என் அம்மா தூங்கவே மாட்டார் என்று ஒரு வரி. உன் டீச்சர் அதை வகுப்பில் வாசித்துவிட்டு, நீ வண்டி ஏற வந்தபோது உன்னோடு வந்து என்னிடமும் பாராட்டினார். அப்போது நான் எழுந்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. இல்லை டீச்சர், நான் இப்பத்தான் எழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கேட்க நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வரியைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் பட்டப்பகலில் என்ன படுக்கை என்று பாத்திரத்தை உருட்டுவேன், நீ புத்தகத்தின் மேல் கவிழ்ந்தால் தட்டி எழுப்புவேன். நினைத்துப் பார்த்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. வாரத்தில் ஐந்து நாள் தூங்கி எழுந்தவள்தான் உங்கள் இரண்டு பேரையும் அப்படி விரட்டினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு சிரிப்புச் செய்தியாக எழுதியிருப்பேன். உன் பேச்சைக் கேட்ட மறுநாளிலிருந்து எனக்குப் படுக்கக் கூச்சமாகிவிட்டது. அங்கே பிள்ளை விரலை வெட்டிக்கொண்டு விழித்திருக்கிறது, அம்மாவைப் பார்த்துத்தான் இப்படி இருக்கிறேன் என்கிறது, இங்கே நான் சீட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு படுப்பதா என்று. அதற்குச் சரியான வழி உனக்கு அன்றே உண்மையைச் சொல்வது. நான் என்ன செய்தேன் தெரியுமா, நீ சொன்ன அம்மாவாகவே ஆகிவிடலாம் என்று தூக்கத்தை விட்டேன். மதியத்தில் வண்டிக் கண்ணாடிகளைத் துடைத்தேன், சீட்டுக்கு அடியில் கிடக்கிற பென்சில்களை எல்லாம் பொறுக்கினேன், எண்ணிக்கை அக்கா என்னடி ஆச்சு உனக்கு, வேப்பிலை அடிக்கணுமா என்று கேட்டாள். எட்டு நாள் ஓட்டினேன். முதல் மூன்று நாள் பெருமையாகக்கூட இருந்தது, பார்த்தாயா, என்னால் முடிகிறது என்று. நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். முடிகிறது என்று தோன்றுவதுதான் இதில் பெரிய வம்பு.

எட்டாவது நாள் வெள்ளிக்கிழமை. சாயங்கால டிரிப், வண்டியில் முப்பத்தொரு பிள்ளைகள். நூலகத்துக்கு எதிரே மூன்று பேரை இறக்கினேன், அது நினைவிருக்கிறது. அதன் பிறகு நான் வண்டியை நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி, சாவி பையில் இருக்கு, பாலைச் சுட வச்சுக் குடி, இறங்கு என்றேன். யாரும் இறங்கவில்லை. நான் மறுபடியும், இறங்குடி, பின்னால வண்டி நிக்குது என்றேன். முன் சீட்டுச் சின்னப் பெண்தான், டிரைவர் அக்கா, இங்க யாரும் இறங்க மாட்டாங்களே என்றாள். நிமிர்ந்து பார்த்தால் நம் தெரு முனை. உனக்காக மட்டுமே பதினோரு வருடம் நிறுத்திய இடம். நீ காலேஜ் போனதும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட நிறுத்தம். பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நூலகத்திலிருந்து நம் தெரு முனைக்கு நடுவே இரண்டு சிக்னல், ஒரு பாலம், ஒரு வலது திருப்பம். அதில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. சிக்னல் பச்சையாக இருந்ததா சிவப்பாக இருந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்திருக்கிறது, கை ஓட்டித்தான் இருக்கிறது, நான்தான் அங்கே இல்லை. உன் தோழி சொன்னாளே, ரத்தம் என்ன என்று தெரியாமல் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. அது எப்படி என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பயம் எனக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை, நீ பிறந்த அன்றுகூட இல்லை.

எண்ணிக்கை அக்கா எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். இன்னும் நாலைந்து நிறுத்தம்தானே, முகத்தைக் கழுவிட்டு மெதுவா ஓட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற மேலாளருக்குப் போன் செய்து, வேறு டிரைவரை அனுப்புங்கள், நான் ஓட்டும் நிலையில் இல்லை என்றேன். இருபது நிமிடம் பிள்ளைகள் நம் தெரு முனையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பதினோரு வருடம் தூங்கியது, எட்டு நாள் தூங்காதது, இரண்டையும். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் வண்டி தராமல் வீட்டில் இருக்கச் சொன்னார், இருந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டு, சாயங்கால டிரிப்புக்கு முன்னால ஓய்வெடுத்தேன்னு இனிமே எல்லா டிரைவரும் கையெழுத்துப் போடணும், முதல் கையெழுத்து நீங்க போடுங்க என்றார். ஆறு பேரில் ஒருத்தர், நீல வண்டிக்காரர், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் இத்தனை நாள் டூல் பாக்ஸ் ரூம்ல உட்கார்ந்தபடியே தூங்கினேம்மா, கழுத்துதான் போச்சு என்றார். அவர்தான் அந்தக் காலத்தில் டீயைப் பிடித்துக்கொண்டு அதிகமாகச் சிரித்தவர்.

அப்பாவிடமும் சொல்ல வேண்டுமே. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கேட்டார், ஒரு வாரமா உன் தலையில பஞ்சு இல்லையே, எண்ணிக்கை அக்காகூட சண்டையா என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கடைசி சீட்டு ஓரத்தில் கிழிந்திருக்கிறது, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு தூள்தூளாக உதிரும், அது தினமும் என் பின்னலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. நிறம் கலக்கிற மனிதருக்கு அது தெரியாமல் இருக்குமா. புது மஞ்சள் இல்லை, வெயில் பட்ட மஞ்சள், வண்டி சீட்டுதான்னு முதல் மாசமே தெரியும் என்கிறார். அப்ப ஏன் சொல்லலை என்றேன். சொன்னா நீ தூங்குறதை விட்டுடுவே, எனக்கு உன்னைத் தெரியாதா என்றார். இத்தனை வருடம் நான் பாத்திரத்தை உருட்டும்போதெல்லாம் இந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அன்று அவர் மடியில் தலை வைத்து அழுதுவிட்டேன். உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் படுக்கிறோம், வீடு அமைதியாக இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

இனி உன் கதைக்கு வருகிறேன். உனக்குப் படிப்பு பெரியது, வேலை அதிகம், எல்லாரும் விழித்திருக்கிறார்கள், எனக்குப் புரியாமல் இல்லை. பதினோரு வருடம் தினமும் செய்த ஒரே காரியம் இது, அதனால் இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள். மதியம் சாப்பிட்ட கையோடு படு, மூன்று மணிக்கு மேல் போய்ப் படுக்காதே, அப்புறம் ராத்திரி வரவேண்டிய தூக்கம் வராது. முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு தடவை எண்ணிக்கை அக்கா பாவம் பார்த்து ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டாள், எழுந்தபோது எனக்கு எது கிழக்கு எது மேற்கு என்றே தெரியவில்லை, நாள் முழுவதும் பிசாசு மாதிரி திரிந்தேன். போனைத் தலைக்குப் பக்கத்தில் வைக்காதே, எழுப்புவதற்கு அந்தத் தோழியிடம் சொல், நீயும் அவளை எழுப்பு. தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கிட, அதுவும் கணக்கில் சேரும். எழுந்ததும் உடனே பிளேடைத் தொடாதே, நான் எழுந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து டயர்களைத் தட்டிப் பார்த்த பிறகுதான் ஸ்டியரிங் பிடிப்பேன், நீயும் வராந்தாவில் நாலு தடவை நட. இன்னொன்று, மதியம் படுத்தாயிற்று என்று ராத்திரி முழுக்க விழித்திருக்காதே. மதியத் தூக்கம் ஸ்டெப்னி டயர் மாதிரி, அதை மாட்டிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை போகலாம், மாதக்கணக்காக ஓட்ட முடியாது. ராத்திரி ஆறு ஏழு மணி நேரம் உன் படுக்கை உன்னைப் பார்க்க வேண்டும். அதனால் ஒரு மாடல் தாமதமாகி மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், உன் சாரிடம் நானே பேசுகிறேன், இல்லை, பேச மாட்டேன், பயப்படாதே.

நீ என்னைப் பற்றி அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய் இல்லையா, அதை மாற்றிச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் சொல்லிவிடு. இல்லாத ஒரு அம்மாவைப் பார்த்து நீ ஓடிக்கொண்டிருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளைப் பிடிக்க நானே எட்டு நாள் ஓடிப் பார்த்தேன், முப்பத்தொரு பிள்ளைகளோடு. என்னால் முடியவில்லை, உன்னாலும் முடியாது, முடியவும் வேண்டாம்.

உன் கை இரண்டும் நன்றாக இருக்க வேண்டும், நீ கட்டுகிற வீடுகளில் வெளிச்சம் வர வேண்டும், நீ நீண்ட காலம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். தையல் போட்ட இடத்தில் டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவ மறக்காதே. இதைப் படித்ததும் போன் செய்யாதே, பதில் எழுத உட்காராதே. பகல் நேரமாக இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் படு. அப்போது யாராவது கேட்டால் நான் எங்கம்மா மாதிரி என்று சொல்லிக்கொள், நான் மறுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பன்னிரண்டரைக்குப் படுத்து ஒரு மணிக்கு எழுகிற
உன் அம்மா